கொள்ளை நோயும் கோவில் கதவும்: பம்பாய் தரும் படிப்பினை



நமது நாட்டில் ஒரு வழக்கம் இருந்து வருகின்றது. நோய் வந்தால் அது கடவுள் சித்தம் என்பார்கள். நோய் போனால் அதுவும் கடவுள் சித்தம் என்பார்கள். பிழைத்தவன் சாமிக்கு மொட்டை அடித்துக் காணிக்கை செலுத்துவான். செத்தவன் வீட்டார் புரோகிதருக்குத் தட்சணை கொடுப்பார்கள். வந்தாலும் வரும்படி, போனாலும் வரும்படி என்று நடக்கின்ற வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான். 2020லும் 2021லும் கொரோனா என்னும் கொள்ளை நோய் உலகத்தையே ஆட்டி வைத்ததே, அதைப் பற்றியும் இன்று இப்படித்தான் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். "ஏதோ ஆண்டவன் புண்ணியத்தில் தப்பித்தோம்" என்கிறார்கள். தப்பியவர் தப்பியது ஆண்டவன் புண்ணியத்தில் என்றால், செத்தவர் செத்தது யார் பாவத்தில் என்று நாம் கேட்டால் மாத்திரம் கோபம் வந்துவிடுகின்றது.

கோபத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஆதலால் ஒரு பெரிய பட்டணத்தை எடுத்துக்கொண்டு, அங்கே நோய் எப்படிப் பரவிற்று, யார் தடுத்தார்கள், எதைக்கொண்டு தடுத்தார்கள், யார் வீட்டில் அதிகமாகப் புகுந்தது என்பதை வரவு செலவு பார்ப்பதுபோல் பார்த்துவிடலாம் என்று கருதுகின்றோம். அந்தப் பட்டணம் பம்பாய். இப்போது மும்பை என்று வழங்குகின்றது. நமக்கு அது அன்னிய ஊர் அல்ல. அங்குள்ள தாராவியில், திருநெல்வேலிச் சீமையில் இருந்து தோல் பதனிடும் வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்க் குடியேறினவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

சாமிகள் கதவைச் சாத்திக்கொண்ட கதை

முதலில் கடவுள்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 2020 மார்ச்சு 16ந் தேதி பம்பாய் சித்திவிநாயகர் கோவில் சாத்தப்பட்டது. அதே வாரத்தில் திருப்பதியிலும் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. மெக்காவுக்குப் போகும் உம்ரா யாத்திரை நின்றது. முழுகி எழுந்தால் தீராத நோயும் தீரும் என்று சொல்லப்படும் பிரான்சு தேசத்து லூர்து மாதா கோவிலையும் அடைத்தார்கள். விக்கினம் தீர்ப்பவர் என்று பெயர் வாங்கியவர் தன் வாசலுக்கு வந்த விக்கினத்தைத் தீர்க்க முடியவில்லை. நோய் தீர்க்கும் தீர்த்தத்துக்கே நோய் பற்றிக்கொள்ளும் என்று பயம் வந்துவிட்டது.

இதை எந்த நாஸ்திகனும் போய்ச் சாத்தவில்லை. தர்மகர்த்தாக்களும், முல்லாக்களும், பாதிரிமார்களுமே சாத்தினார்கள். அவர்களுக்குப் புத்தி இருந்ததைப் பற்றி நமக்குச் சந்தோஷமே. ஆனால் அந்தப் புத்திக்கு அர்த்தம் என்ன? கூட்டம் கூடினால் நோய் பரவும், அதைச் சாமி தடுக்காது என்பது மற்றவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதுதானே? உண்டியல் வைக்கிற காலத்தில் மாத்திரம் இது மறந்துபோவானேன்?

1934 முதல் பம்பாயில் லால்பாக் ராஜா என்னும் பெரிய பிள்ளையாரை வருஷந்தோறும் வைத்துத் திருவிழா நடத்தி வருகிறார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்று கும்பிடுவார்கள். 2020ல் அந்தச் சபையார் சிலை வைப்பதை நிறுத்திவிட்டு, திருவிழா நாட்களில் இரத்த தானமும், நோயில் இருந்து எழுந்தவர்களிடம் பிளாஸ்மா தானமும் வாங்கும் முகாம் நடத்தினார்கள். அவர்களை மனமாரப் பாராட்டுகின்றோம். பிள்ளையார் வராத வருஷத்தில் அவ்வளவு நல்ல காரியம் நடந்ததே, அவர் வருகிற வருஷங்களிலும் அதையே நடத்தினால் என்ன குறைந்துபோகும் என்று மாத்திரம் கேட்கின்றோம்.

2020 அக்டோபரில், கோவில்களை ஏன் திறக்கவில்லை என்று கவர்னர் கோஷ்யாரி முதன்மந்திரி உத்தவ் தாக்கரேக்குக் கடிதம் எழுதினார். அதில், நீர் திடீரென்று மதச்சார்பற்றவராகிவிட்டீரோ என்று குத்தலாகக் கேட்டார். அரசியல் சட்டத்தின் பேரில் பிரமாணம் செய்து பதவிக்கு வந்தவருக்கு அந்தச் சட்டத்தின் முகவுரையில் உள்ள சொல்லே வசைச்சொல்லாகப் பட்டிருக்கின்றது! நவம்பரில் தீபாவளியை ஒட்டிக் கோவில்களைத் திறந்தார்கள். 2021 ஏப்ரலில் மறுபடியும் சாத்தினார்கள். அக்டோபரில் நவராத்திரி தொடங்கும் நாளில் மறுபடியும் திறந்தார்கள். திறப்பதற்குப் பண்டிகை பார்த்தார்கள். சாத்துவதற்கு எந்தப் பஞ்சாங்கத்தையும் பார்க்கவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கையைத்தான் பார்த்தார்கள். இதிலிருந்தே எது நிஜம், எது வேஷம் என்று வாசகர்கள் தெரிந்துகொள்ளலாம்.

கணக்கு செய்த வேலை

இனி மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

தாராவியில் முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டது 2020 ஏப்ரல் 1ந் தேதி. இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் ஆறரை லட்சம் பேர் என்று சிலரும், பத்து லட்சம் பேர் என்று சிலரும் சொல்லுகிற ஜனத்தொகை. ஆறடி தள்ளி நில் என்று சர்க்கார் சொல்லிற்று. அங்கே சந்தே ஆறடி இல்லை. வீட்டுக்குள் இரு என்று சொல்லிற்று; வீடு என்பது எட்டுப் பேர் படுக்கும் ஒற்றை அறை. நூற்றுக்கு 80 பேர் பொதுக் கக்கூசுக்குப் போகிறவர்கள். நோய் இங்கே நுழைந்தால் பட்டணமே சுடுகாடாகிவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள்.

கார்ப்பரேஷன் அங்கே யாகம் நடத்தவில்லை. நோயாளி தாமாக வரட்டும் என்று காத்திருக்காமல் வீடு வீடாக ஆள் அனுப்பிற்று. அந்தந்தத் தெருவில் வைத்தியம் செய்துகொண்டு ஜனங்களுக்குப் பழகியிருந்த டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டது. காய்ச்சலைப் பார்த்தார்கள், விரலில் கருவியை மாட்டி இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்த்தார்கள். சந்தேகப்பட்டவர்களைப் பள்ளிக்கூடங்களிலும், கலியாண மண்டபங்களிலும், விளையாட்டு மண்டபத்திலும் தனியே வைத்துச் சோறு போட்டார்கள். பொதுக் கக்கூசுகளைத் தினம் பல தடவை மருந்து தெளித்துக் கழுவினார்கள். சுமார் இரண்டு வாரத்தில் 200 படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றைக் கட்டி முடித்தார்கள். 2020 ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைவரே தாராவியின் பெயரைச் சொல்லிப் பேசினார். டிசம்பர் 25ந் தேதி அங்கே புது நோயாளி ஒருவர்கூட இல்லை. அன்று ஏசு பிறந்த நாள் ஆயிற்றே என்று பாதிரிமார் யாரும் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். அந்த வேலையைச் செய்தவர்கள் நர்சுகளும், தோட்டி வேலை செய்பவர்களும், சந்து சந்தாக நடந்த சுகாதாரப் பெண்களுமே ஆவார்கள்.

பட்டணம் முழுவதிலும் நடந்தது என்ன? ஆரம்பத்தில் அங்கேயும் குழப்பந்தான். நோயாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டார் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாய் ஓடினார்கள். 2020 மே மாதத்தில் சயான் ஆஸ்பத்திரியில் பிணங்களுக்குப் பக்கத்தில் நோயாளிகள் படுத்திருந்த படம் நாடெங்கும் பரவிற்று. பணக்காரருக்கும் சிபார்சு உள்ளவருக்குமே படுக்கை என்ற நிலைமை இருந்தது. அதே மே மாதத்தில் தனியார் ஆஸ்பத்திரிப் படுக்கைகளில் நூற்றுக்கு 80ஐச் சர்க்கார் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து கட்டணத்துக்கும் வரம்பு போட்டது. ஜூனில் 24 வார்டுகளிலும் வார்டுக்கு ஒன்றாக, "வார் ரூம்" என்று பெயர் வைத்த கட்டுப்பாட்டு அறைகள் ஏற்பட்டன. பரிசோதனை முடிவு நேரே வார்டுக்கு வரும். அங்குள்ள டாக்டர் நோயாளியின் நிலைமையைப் பார்த்து, யாருக்கு எந்தப் படுக்கை என்று முடிவு செய்வார். நோயின் கடுமையே சிபார்சுக் கடிதம் ஆகவேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் தத்துவம்.

முதல் அலை தணிந்தபோது, தற்காலிகமாகக் கட்டிய பெரிய ஆஸ்பத்திரிகளைப் பிரித்துப் போடாமல் வைத்திருந்தார்கள். 2021 ஜனவரியில் டில்லியில் உள்ளவர்கள் நோயை ஜெயித்துவிட்டோம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டு இருந்தார்கள். ஏப்ரல் 4ந் தேதி பம்பாயில் ஒரே நாளில் 11,163 பேருக்கு நோய் கண்டது. ஏப்ரல் நடுவில் ஓர் இரவு, ஆறு ஆஸ்பத்திரிகளில் பிராணவாயு தீரும் நிலைமை வந்தது. அங்கிருந்த 168 நோயாளிகளையும் அந்த இரவிலேயே வண்டிகளில் ஏற்றி, பிராணவாயு இருந்த பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். டில்லியில் ஜனங்கள் பிராணவாயு இல்லாமல் தெருவில் சாகிற சமயத்தில், மே 5ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள், பம்பாய் எப்படிச் சமாளித்தது என்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று இந்திய சர்க்காருக்குச் சொன்னார்கள். கற்றுக்கொள்ளச் சொன்னது தொட்டிக் கணக்கையும் படுக்கைக் கணக்கையுமே அன்றி, மிருத்யுஞ்சய ஜெபத்தை அல்ல.

அதே ஏப்ரலில் ஹரித்வாரத்தில் கும்பமேளா நடந்தது. லட்சக்கணக்கானவர்கள் கங்கையில் முழுகினார்கள். அங்கிருந்து திரும்புகிறவர்கள் கொரோனாவைப் பிரசாதமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று பம்பாய் மேயர் கிஷோரி பெட்னேகர் சொன்னார். அவர் சுயமரியாதைக்காரர் அல்ல, சிவசேனைக் கட்சிக்காரர். ஆனால் முன்னே நர்சு வேலை பார்த்தவர். 2020 ஏப்ரலில் மறுபடியும் நர்சு உடுப்பை மாட்டிக்கொண்டு நாயர் ஆஸ்பத்திரிக்குப் போனவர். வார்டில் நின்றவருக்குப் பிரசாதத்தின் யோக்கியதை தெரிந்துவிட்டது!

அதற்கு முந்திய வருஷம் டில்லியில் தப்லீக் ஜமாத்தார் கூடியதைப் பற்றி என்ன கூச்சல் போட்டார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அந்தக் கூட்டமும் தப்புத்தான். ஆனால் அதை வைத்து ஒரு மதத்தார் முழுவதையுமே நோய் பரப்புகிறவர்கள் என்றார்கள். அயல்நாட்டிலிருந்து வந்திருந்த ஜமாத்தார் மேல் போட்ட வழக்குகளைப் பம்பாய் ஐக்கோர்ட்டின் ஔரங்காபாத் பெஞ்சு 2020 ஆகஸ்டில் ரத்து செய்து, இவர்களைப் பலியாடாக்கினார்கள் என்றே தீர்ப்பில் எழுதிற்று. அன்று கூச்சல் போட்டவர்கள் கும்பமேளாவுக்கு மாத்திரம் வாயை மூடிக்கொண்டார்கள். கிருமிக்கு நாமமும் தெரியாது, குல்லாவும் தெரியாது.

கிருமி எந்த வாசலில் நுழைந்தது?

நிற்க, கார்ப்பரேஷன் செய்ததையெல்லாம் சொல்லிவிட்டு நாமும் பல்லாண்டு பாடப்போகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முக்கியமான கணக்கு இனிமேல்தான் இருக்கின்றது.

1918ல் விஷ சளிக்காய்ச்சல் உலகமெங்கும் பரவியபோது பம்பாயிலும் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அப்போது எடுத்த சாவுக்கணக்கில், தாழ்ந்த சாதி இந்துக்கள் என்று எழுதப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 61.6 பேர் மாண்டார்கள். மற்றச் சாதி இந்துக்களில் ஆயிரத்துக்கு 18.9 பேர். ஐரோப்பியரில் 8.3 பேர். தோழர்களே, இந்த மூன்று எண்களையும் இன்னொரு தரம் படியுங்கள். ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே நோய்.

நூறு வருஷம் கழித்து, 2020 ஜூலையில் பம்பாயில் மூன்று வார்டுகளில் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்கு நோய் வந்துபோன அடையாளம் இருந்தது. மாடி வீடுகளில் நூற்றுக்கு 16 பேருக்குத்தான் இருந்தது.

இதற்கு வைதீகர் என்ன சமாதானம் சொல்லுவார்? முன்ஜென்ம வினை என்பார். அப்படியானால் அந்த வினை ஜன்னல் இல்லாத வீடாகவும், நூறு பேருக்கு ஒரு கக்கூசாகவும், சில மணி நேரமே தண்ணீர் வரும் குழாயாகவும் மாத்திரம் வந்து சேருவானேன்? வீட்டை அகலப்படுத்தினால் வினையும் குறைந்துவிடுகின்றதே, அது எப்படி? கிருமிக்கு மனுதர்மம் படிக்கத் தெரியாது. ஆனால் மனுதர்மம் படித்தவர்கள் ஊரை எப்படிப் பிரித்து வைத்தார்களோ, அந்தப் பிரிவினை வழியாக நடந்துபோக அதற்குத் தெரிகின்றது. சாதி என்பது வெறும் சம்பிரதாயம், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிற கனவான்களுக்கு 61.6 என்ற எண்ணே பதில்.

பம்பாய்க் கார்ப்பரேஷன் இந்தியாவிலேயே பணக்காரக் கார்ப்பரேஷன். 2020-21ம் வருஷத்துக்கு அதன் வரவு செலவுத் திட்டம் 33,441 கோடி ரூபாய். இவ்வளவு பணம் உள்ள ஊரில், நோய் வந்த பிறகு கக்கூசுக்கு மருந்து அடித்ததைப் பெருமையாகப் பேசுகிறார்களே தவிர, நோய் வருமுன் வீட்டுக்கு ஒரு கக்கூசு ஏன் இல்லை என்று பேசுகிறவர்கள் எத்தனை பேர்? தாராவி மக்களின் பொறுமையை இங்கிலீஷ் பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. ஏழையின் பொறுமையைப் புகழ்வது புதுமாதிரிக் கர்ம சித்தாந்தம் என்பதே நமது அபிப்பிராயம். முன்னே "உன் தலைவிதி, சகித்துக்கொள்" என்றார்கள். இப்போது "ஆகா, எவ்வளவு அழகாகச் சகித்துக்கொள்கிறாய்" என்கிறார்கள். இரண்டிலும் சகிக்கிறவன் அவனேதான்.

சுகாதாரமும் சுயமரியாதையும்

இந்தப் பட்டணம் கொள்ளை நோய்க்குப் புதிது அல்ல. 1896ல் மாண்ட்வி பகுதியில் டாக்டர் வியகாஸ் என்பவர் பிளேக் நோயை முதலில் கண்டு சொன்னார். ஹாவ்கின் என்னும் அறிஞர் பம்பாயில் இருந்துகொண்டே பிளேக்குக்கு ஊசி மருந்து கண்டுபிடித்து, 1897 ஜனவரி 10ந் தேதி முதலில் தன் உடம்பிலேயே குத்திக்கொண்டார். எந்த மடாதிபதியாவது தன் மந்திரத்தை முதலில் தன் உடம்பில் சோதித்துக்கொண்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அன்றைய வெள்ளைக்கார சர்க்கார் என்ன செய்தது? 1897ல் தொத்துநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. வீடு புகுந்து சோதனை, பெண்களைத் தொட்டுப் பரிசோதனை, ஆளைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துச் செல்லுதல் என்றெல்லாம் நடந்தது. ஜனங்கள் நோயைவிட ஆஸ்பத்திரிக்கே அதிகம் பயந்தார்கள். 1896 அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். 1898 மார்ச்சில் பட்டணத்தில் கலகமே நடந்தது. மருந்து நல்ல மருந்துதான். கொடுத்த கை மனிதனை மனிதனாக மதிக்கவில்லை.

அதே 1897ல் பக்கத்தில் புனாவில் நடந்ததைப் பாருங்கள். ஜோதிபா பூலேயின் மனைவியாரும், பெண்களுக்கும் தீண்டப்படாதார் என்று தள்ளப்பட்டவர்களுக்கும் பள்ளிக்கூடம் நடத்தியவருமான சாவித்திரிபாய் பூலே அம்மையார், டாக்டரான தம் வளர்ப்பு மகனின் வைத்தியசாலைக்கு, பிளேக் கண்ட ஒரு சிறுவனைத் தாமே முதுகில் சுமந்து கொண்டுபோனார். அந்நோய் அவருக்கும் பற்றி மார்ச்சு 10ந் தேதி மாண்டார். தொட்டால் தீட்டு என்று பெற்ற பிள்ளையையே விட்டு ஓடுகிற காலத்தில், தீண்டாமை பாராட்டாத அந்தத் தோள் தூக்கிச் சென்றது. இதற்குப் பெயர் பக்தி அல்ல, மனிதத்தன்மை.

ஆகவே தாராவியில் வேலை நடந்ததற்குக் காரணமும் இதுவே. அங்கேயும் போலீசுத் தடி இருந்தது. 1897ம் வருஷத்துச் சட்டமே 2020லும் தூசி தட்டி எடுக்கப்பட்டது. ஆனால் கதவு திறந்தது தடிக்கு அல்ல. பழகிய டாக்டர் வந்து கூப்பிட்டதால் திறந்தது. தனியே வைத்தால் சோறு கிடைக்கும் என்று நம்பியதால் திறந்தது. சுயமரியாதையைக் கெடுத்துச் செய்கிற சுகாதாரம் நிலைக்காது என்பது 1898க்கும் 2020க்கும் பொதுவான பாடம்.

2020 மார்ச்சு 22ந் தேதி தட்டைத் தட்டச் சொன்னார்கள். ஏப்ரல் 5ந் தேதி 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்கள். சுகாதார ஊழியருக்கு நன்றி என்றார்கள்; உடனே சத்தத்தில் கிருமி சாகும் என்றும், ஒன்பதுக்கு கிரக பலன் உண்டு என்றும் நம் சாஸ்திரிகள் வியாக்கியானம் எழுதிவிட்டார்கள். 2021 ஜூனில் மகாராஷ்டிரத்து ஆஷா ஊழியப் பெண்கள் சுமார் 70,000 பேர் நியாயமான கூலி கேட்டு வேலை நிறுத்தம் செய்யும்படி ஆயிற்று. தட்டுத் தட்டிய கைகள் அந்தத் தட்டில் சோறு போட மறந்துவிட்டன.

ஆஸ்திகர் கேள்விக்குப் பதில்

"விஞ்ஞானம் இருந்தும் இத்தனை பேர் சாகவில்லையா?" என்று கேட்பார்கள். செத்தார்கள். டாக்டர் தன்னைச் சர்வ வல்லமை உள்ளவர் என்று சொல்லிக்கொள்ளவில்லையே! எங்கே தவறிற்று என்று அவரைக் கேட்கலாம்; படுக்கை எத்தனை, தொட்டி எத்தனை என்று கணக்குக் கேட்கலாம்; அடுத்த தடவை திருத்தலாம். சயான் ஆஸ்பத்திரிப் படம் வெளியான மே மாதத்துக்கும் 168 பேர் காப்பாற்றப்பட்ட ஏப்ரலுக்கும் நடுவில் ஒரு வருஷம் இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் மனிதன் கற்றுக்கொண்டான். ஆயிரக்கணக்கான வருஷமாகக் கடவுள் எதைக் கற்றுக்கொண்டார்?

"டாக்டரையும் கடவுள்தானே படைத்தார்?" என்பார்கள். கிருமியையும் அவர்தானே படைத்தார்? ஒரு கையால் விஷமும் மறு கையால் மருந்தும் கொடுக்கிறவனை நம் ஊரில் கும்பிடுவார்களா, போலீசில் பிடித்துக் கொடுப்பார்களா?

"மனத்துக்குத் தைரியம் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். படுக்கை இருக்கிறது, ஊசி இருக்கிறது, பிராணவாயு இருக்கிறது என்று தெரிந்தால் தைரியம் தானே வரும். இல்லாத ஆஸ்பத்திரிக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் தைரியத்துக்குப் பெயர் ஏமாற்று.

பம்பாயைப் பார்த்துச் சிரிக்கவும் நமக்கு யோக்கியதை இல்லை. கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் என்று பெயர் வைத்துக் கும்பிடுவது நமக்குத் தெரியும். 2021 மே மாதத்தில் அதே கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஓர் ஆதீனத்தார் கொரோனா தேவி என்று சிலை வைத்தார்கள். பிளேக்கை ஒடுக்கியது எலியை ஒழித்ததும் மருந்தும். பூஜை மாத்திரம் மாரிக்கு! உழைத்தது ஒருவன், கூலி வாங்குவது இன்னொருவன் என்கிற வருணாசிரம தர்மம் நோய் விஷயத்திலும் நடக்கின்றது.

செய்யவேண்டியது என்ன?

நோயைக் கடவுள் தலையில் போடுகிறவன் கடவுளுக்குப் பெருமை தேடவில்லை. கணக்குக் கொடுக்கவேண்டிய மனிதர்களைத் தப்பவிடுகிறான். எல்லாம் விதி என்றால் கக்கூசு கட்டாத கவுன்சிலருக்குக் குற்றமில்லை. ஆஸ்பத்திரி திறக்காத மந்திரிக்குக் குற்றமில்லை. கூலி கொடுக்காத சர்க்காருக்குக் குற்றமில்லை. நாம் கடவுள் இல்லை என்று சொல்லுவது வெறும் வாய்ச்சண்டைக்காக அல்ல. குற்றவாளியைக் கூண்டில் நிறுத்துவதற்கு அது முதல் வேலையாய் இருப்பதால் சொல்லுகின்றோம்.

எனவே தோழர்களே, உங்கள் ஊர் முனிசிபாலிட்டிக்கும் பஞ்சாயத்துக்கும் போங்கள். நம் ஊரில் எத்தனை படுக்கை, எத்தனை டாக்டர், எத்தனை நர்சு என்று கேளுங்கள். சேரியில் எத்தனை குழாய், எத்தனை கக்கூசு, அக்கிரகாரத்தில் எத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். குப்பை வாருகிறவருக்கும் சாக்கடை கழுவுகிறவருக்கும் கையுறையும், நிரந்தர வேலையும், முழுச் சம்பளமும் உண்டா என்று கேளுங்கள். ஊசி வந்தால் முதல் ஆளாகப் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். பயப்படுகிற அண்டை வீட்டுக்காரரைக் கேலி செய்யாமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். நோயோடு ஊர் திரும்புகிறவனைத் தெருவுக்கு வெளியே நிறுத்தாதீர்கள். தனியே இடமும் வேளைக்குச் சோறும் கொடுங்கள். நாமே அவனைத் தீண்டப்படாதவன் ஆக்கினால் பிறகு நமக்கும் வைதீகருக்கும் என்ன வித்தியாசம்?

கொள்ளை நோய் இன்னொன்று வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வரும்போது, கோவில் கதவைத் திற என்று கத்துகிறவர்கள் கத்திக்கொண்டு இருக்கட்டும். ஆஸ்பத்திரிக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கின்றதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.